கொக்கின் இறகைப் படிக்கப் பழகுவோம்



கொழும்பில் இந்தக் கருத்தரங்கு நடக்கும் மண்டபத்திலிருந்து காலி வீதியில் சற்று நடந்தால் வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலம் வரும். மதிய இடைவேளையில் அங்கே போய் நில்லுங்கள். கரையோரச் சேற்றில் சின்ன வெள்ளைக் கொக்கு ஒன்று நிற்கும். கறுப்புக் கால், மஞ்சள் விரல். அந்த விரல்களை நடுக்கி அடிச்சேற்றைக் கலக்கும். கலங்கலில் துள்ளுகிற மீன்குஞ்சைக் கொத்தி விழுங்கும். பறவைகளின் உடலில் சேரும் பார உலோகங்கள் என்ற நம் பொருள் அந்தச் சேற்றில்தான் இருக்கிறது.

ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002இல் நின்றது. அதற்கு முன் வாகனங்கள் கக்கிய ஈயம் வீதிப் புழுதியோடு மழையில் அடிபட்டு வடிகானுக்கும் கால்வாய்க்கும் போனது. உலோகம் உக்குவதில்லை. கொட்டாஞ்சேனைப் பக்கம் புளூமெண்டால் குப்பைமேடு நெடுங்காலம் கிடந்தது, பிறகு மீதொட்டமுல்ல. பற்றரியும் உடைந்த மின்குமிழும் கலந்த குப்பையில் ஊறி வடியும் நீர் எந்தத் தாழ்நிலத்தைத் தேடும் என்று சொல்லத் தேவையில்லை. 2017 சித்திரைப் புத்தாண்டன்று மீதொட்டமுல்ல மேடு சரிந்து உயிர்களைப் பறித்தபோது குப்பையைப் பற்றி நாடே பேசியது. வடிந்த நீரைப் பற்றிப் பேசியவர்கள் சிலரே.

பறவை விழுங்கிய பார உலோகங்கள் உடலில் ஒரே இடத்தில் தங்குவதில்லை. ஈயம் கல்சியத்தைப் போல நடித்து எலும்பில் குடியேறுகிறது. கட்மியம் சிறுநீரகத்தில் ஆண்டாண்டாகச் சேர்கிறது. மெதைல் இரசமோ, வளரும் இறகின் கெரற்றினோடு பிணைந்துகொள்கிறது. இறகு முளைக்கும்போது அதற்கு இரத்த ஓட்டம் உண்டு. முற்றியதும் அது அடைபட்டுவிடும். ஆக, உதிர்ந்து கிடக்கும் ஓர் இறகு, அது வளர்ந்த சில வாரங்களில் அந்தப் பறவையின் இரத்தத்தில் ஓடியதன் பதிவு.

ஈரலையும் சிறுநீரகத்தையும் ஆராய நல்ல பறவைகளைச் சுட்டுக்கொன்ற காலம் ஒன்று இருந்தது. கொழும்பில் நமக்கு அது வேண்டாம் என்பதே என் உறுதியான எண்ணம். பேரே வாவிக் கரையில் கூழைக்கடாவும் நீர்க்காகமும் உதிர்க்கும் இறகுகள் போதும். செத்துக் கிடக்கும் பறவைகளை உரிய அனுமதியோடு சேகரித்தால் உள்ளுறுப்புகளும் கிடைக்கும்.

சுவீடனில் 1960களில் அருங்காட்சியகப் பறவைகளின் இறகுகளை அளந்தார்கள். 1940களிலிருந்து இரசம் திடீரென ஏறியிருந்தது. அங்கே விதைத் தானியத்துக்குத் தடவிய இரச மருந்தே காரணம். 1966இல் அந்த மருந்தைத் தடைசெய்தார்கள். நம் கொழும்பு தேசிய அருங்காட்சியகம் 1877இல் திறக்கப்பட்டது. அதன் இழுப்பறைகளில் இருக்கும் பறவைத் தோல்கள் இந்த நகரத்தின் பழைய கணக்கேடு. ஓர் எச்சரிக்கை மட்டும்: பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்தில் ஆசனிக் சவர்க்காரமும் இரசக் குளோரைட்டும் பூசினார்கள். மொத்த இரசத்தை அளந்தால் பூச்சைத்தான் அளப்போம். மெதைல் இரசத்தைத் தனியே பிரித்து அளக்க வேண்டும்.

இது பறவைகளோடு முடிகிற விஷயமும் இல்லை. கொக்கு தின்னும் அதே நீரில் தூண்டில் போட்டு, பிடித்த திலாப்பியாவைக் குழம்பு வைக்கும் குடும்பங்கள் கால்வாயோரத் தோட்டங்களில் வாழ்கின்றன. ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் மெதைல் இரசத்தால் வந்த மனித நோய் அதிகாரபூர்வமாகப் பதிவாகும் முன்பே பறவைகள் வானிலிருந்து விழுந்தன, பூனைகள் வலிப்பு வந்து செத்தன. கொழும்பு 2018இல் உலகின் ராம்சார் உடன்படிக்கை அங்கீகரித்த முதல் 18 ஈரநில நகரங்களில் ஒன்றானது. அந்தப் பெருமையை ஏற்ற நகரம், தன் பறவைகளின் உடலில் என்ன சேர்கிறது என்பதை ஆண்டுதோறும் அளக்கக் கடமைப்பட்டது.

கட்டுரை படிக்கப்போகும் இளையவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வெறுமனே 'இழையத்தில் இவ்வளவு' என்று எழுதாதீர்கள். எந்த உறுப்பு, ஈரநிறையா உலர்நிறையா, குஞ்சா முதிர்ந்ததா, இறகை எதால் கழுவினீர்கள் என்று எழுதுங்கள். வெள்ளவத்தையில் எடுத்த அளவைக் கொட்டாஞ்சேனை அளவோடு வைத்துப் பார்க்க அப்போதுதான் முடியும். முதல் அமர்வே மாதிரி சேகரிப்பு முறை பற்றியது. அதை ஆரம்பிக்குமாறு அமர்வுத் தலைவரை அழைக்கிறேன்.