ஊற்றறிந்து அள்ளுதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளில் இறங்கித் தங்குகின்றது. அந்நீரையே மக்கள் கிணறுகளிலிருந்து பெறுகின்றனர். தம் வளவில் கிணறு இருப்பினும், குடிநீருக்காக வேறொரு நன்னீர்க் கிணற்றை நாடிக் குடத்துடன் செல்லும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. நன்னீரும் உவர்நீரும் நிலத்தின் கீழ் அடுத்தடுத்து இருக்கும் நாட்டில், எந்த ஊற்றிலிருந்து அள்ளுவது என்பது சிறிய வினா அன்று. அதே வினா இன்று கணினித் துறையிலும் எழுகின்றது.

லினக்ஸ் வகையைச் சேர்ந்த டெபியன், உபுண்டு முதலிய திறந்த மூல மென்பொருள்களை எவரும் பெறலாம், ஆராயலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். உலகெங்குமுள்ள கணினிகள் யாவும் ஒரே தலைமைக் களஞ்சியத்தின் வாயிலில் வந்து நின்றால் அது தாங்காது. ஆதலின், பல நாடுகளிலுள்ள பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் அக்களஞ்சியத்தின் படி ஒன்றைத் தம்மிடம் வைத்து அயலார்க்கு வழங்குகின்றன. இதனை மிரர் சேர்வர் என்பர். கண்ணாடி வழங்கி என்று தமிழில் கூறலாம். அக்கண்ணாடி எவ்விடத்திலிருந்து தன் படியை எடுக்கின்றதோ, அவ்விடமே அதன் மேல்நிலை மூலம்.

குடாநாட்டுக்கு இத்தகைய கண்ணாடி ஒன்று ஏன் வேண்டும்? ஒரு கல்லூரியின் ஆய்வுகூடத்தில் ஐம்பது கணினிகள் உள்ளன என்று கொள்வோம். ஒரே திருத்தத்தை ஐம்பது முறை ஐரோப்பாவிலிருந்து இறக்குவதிலும், ஒரு முறை இறக்கி ஐம்பதுக்கும் பங்கிடுதல் நன்று. மற்றொரு காரணமும் உண்டு. 1990ஆம் ஆண்டிலிருந்து பல ஆண்டுகள் குடாநாடு மின்சாரமும் தொலைபேசியும் இன்றி இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலத்தை மூத்தோர் மறந்திலர். 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மீண்டும் மூடப்பட்டது. வெளித்தொடர்பு அறும்போது, உள்ளே சேர்த்து வைத்ததே உதவும் என்பது அம்மக்கள் பட்டறிந்த பாடம்.

இனி, மேல்நிலை மூலத்தைத் தெரிவது எவ்வாறு?

முதலாவது, அண்மை. தேசப்படத்தில் யாழ்ப்பாணத்துக்கு அண்மையிலுள்ளது தமிழ்நாடு. பாக்கு நீரிணையைக் கடந்தால் கோடிக்கரை. ஆயினும் இணையச் செய்தி தோணி செல்லும் வழியிற் செல்வதில்லை. இலங்கைக்கு வரும் கடலடிக் கேபிள்கள் கொழும்பு, மாத்தறை முதலிய மேற்குத் தெற்குக் கரைகளிலேயே ஏறுகின்றன. தூத்துக்குடியிலிருந்து 2006ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய கேபிளும் கல்கிசையிலேயே கரையேறியது. ஆகவே சென்னையிலுள்ள வழங்கியை நாடும் யாழ்ப்பாணக் கணினியின் வேண்டுகோளும் முதலில் தெற்கு நோக்கி நானூறு கிலோமீற்றர் அளவு ஓடவேண்டும். வழி அமையும் வகையைப் பொறுத்துச் சிங்கப்பூர் சென்னையிலும் விரைவாக விடையளித்தல் கூடும். தேசப்படத்தை நோக்கி முடிவு செய்தல் தவறு. விடை வரும் நேரத்தையும், இறக்கும் வேகத்தையும் பல நாட்கள், பல வேளைகளில் அளந்தே முடிவு செய்தல் வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் உட்பட நாட்டின் உயர்கல்வி நிறுவனங்களை இணைக்கும் லேர்ன் என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு உண்டு. அதனுள் நம்பத்தக்க படி ஒன்று கிடைக்குமாயின், கடல் கடப்பதற்கு முன் அதனை அளந்து பார்த்தல் முறை.

இரண்டாவது, புதுமை. டெபியனின் களஞ்சியம் நாளொன்றுக்கு நான்கு முறை புதுப்பிக்கப்படுகின்றது. ஒவ்வொரு கண்ணாடியும் தான் இறுதியாகப் புதுப்பித்த நேரத்தைச் சுவடாக ஒரு கோப்பிற் பதிந்து வைக்கும். அச்சுவட்டைச் சில வாரங்கள் தொடர்ந்து நோக்கினால், எது காலந்தவறாதது, எது உறங்குவது என்பது புலப்படும்.

மூன்றாவது, ஒருமை. பல வழங்கிகள் ஒரே பொதுப்பெயரின் கீழ் மாறிமாறி விடையளிப்பதுண்டு. பயன்படுத்துவோர்க்கு அது நன்மை. படி எடுப்போர்க்குத் தீமை. பாதியை ஒன்றிலும் மீதியை அதனிற் பழைய மற்றொன்றிலும் எடுத்தால், பட்டியலிற் கூறிய பொருள் களஞ்சியத்தில் இராது. எனவே குறித்த ஒரு வழங்கியையே தெரிதல் வேண்டும். அது ஆர்சிங்க் முறையில் மாறிய பகுதிகளை மாத்திரம் அனுப்பவல்லதாயும் இருத்தல் வேண்டும். படி எடுக்கையில் பொருளை முதலில் இறக்கிப் பட்டியலைப் பின்னர் மாற்றுவதும், பழையன கழிப்பதை இறுதியிற் செய்வதும் வரன்முறை. பண்டம் வருமுன் விலைப்பட்டியலைத் தொங்கவிடும் கடைக்காரரை யார் நம்புவர்? மேலும், தலைமைக் களஞ்சியத்தையே நேரே நெருக்காமல் அடுத்த படியிலுள்ளவரிடம் பெறுதல் நன்னெறி. ஆர்ச் லினக்ஸ் அமைப்பில் இரண்டாம் படிக் கண்ணாடிகள் முதற்படிக் கண்ணாடிகளிடமிருந்தே பெறவேண்டும் என்பது விதி.

நான்காவது, மெய்ம்மை. களஞ்சியத்தின் பட்டியல் மின்கையொப்பம் இடப்பட்டது. ஒவ்வொரு பொருளுக்கும் சரிபார்ப்பு எண் உண்டு. இடைவழியில் ஓர் எழுத்து மாறினும் கணினி கண்டுகொள்ளும். எனின், எந்த மூலமானால் என்ன என்று கேட்கலாம். 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அரிசோனாப் பல்கலைக்கழக ஆய்வாளர் இதற்கு விடை காட்டினர். தீய கண்ணாடி ஒன்று கையொப்பத்தைத் திருத்தவேண்டியதில்லை; கையொப்பமிட்ட பழைய படியையே காட்டிக்கொண்டிருந்தாற் போதும். பாதுகாப்புத் திருத்தம் வந்துவிட்டதை அறியாமலே கீழுள்ள கணினிகள் பழுதுடன் இருந்துவிடும். சில களஞ்சியங்களின் பட்டியல்களில் காலாவதித் திகதி இடப்படுவது இந்த ஆபத்தை நோக்கியே.

ஊற்றே நஞ்சானால்? 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எக்ஸ்இசட் என்னும் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 என்ற இரு வெளியீடுகளில், நம்பிக்கை பெற்ற ஒருவரின் வாயிலாகவே கள்ளவாயில் ஒன்று புகுத்தப்பட்டது. டெபியனின் நிலைத்த வெளியீடு தப்பியது. சோதனைப் பிரிவு தப்பவில்லை. கையொப்பம் சரி, எண்ணும் சரி. கண்ணாடிகள் யாவும் அதனை உள்ளவாறே படியெடுத்தன. ஆந்திரெஸ் பிரோயின்ட் என்ற பொறியியலாளர், தொலைக்கணினியில் நுழைய ஏறத்தாழ அரை வினாடி மிகையாவதை ஐயுற்று ஆராய்ந்து, மார்ச் 29ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். நஞ்சு நீக்கிய படி உடனே வெளிவந்தது. காலந்தவறாத மூலத்தைத் தெரிந்தோர் விரைவில் அதனைப் பெற்றனர். உறங்கும் மூலத்தை நம்புவோர்க்கு இத்தகைய வேளையில் மருந்தும் பிந்தியே வரும்.

இவ்வறிவு யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. சிறுப்பிட்டியில் 1832ஆம் ஆண்டு பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, 1887ஆம் ஆண்டு கலித்தொகையைப் பதிப்பித்தார். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிக்க அவர் பல இடங்களிலிருந்தும் ஏட்டுப் பிரதிகளைத் தேடி ஒப்புநோக்கினார். ஒரு பிரதியில் எழுதுவோன் விட்ட பிழை, அதனைப் பார்த்து எழுதிய பிரதிகளுக்கெல்லாம் பரவும் என்பதை அவர் அறிவார். பிரதி பல இருந்தும் மூலம் ஒன்றே ஆயின், பிழையும் ஒன்றே.

படியே இல்லாவிடில் நேரும் கேட்டையும் அந்நகரம் கண்டுள்ளது. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்தில் படி இருந்தவற்றை மீண்டும் தேடிப் பெறலாயிற்று. படி இல்லாத ஏடுகள் மீளவில்லை.

கண்ணாடி வழங்கியை அமைப்போர் தமக்காக மாத்திரம் அள்ளுவதில்லை. கல்லூரி மாணவரும், மருத்துவமனையின் கணினியும், சிற்றூர்த் தொழிலாளரும் அவர்கள் அள்ளியதையே பருகுவர். ஆதலின் ஒரு முறை தெரிந்தமையோடு கடமை முடிவதில்லை. நல்ல கிணறும் கோடையில் உவர்ப்பதுண்டு. மூலத்தின் வேகத்தையும் சுவட்டையும் இடையிடையே சோதித்து, அது தளரும் நாளில் நாடுதற்கு மற்றொன்றை முன்னரே அளந்து வைத்திருத்தல் வேண்டும். குடத்தை இறக்குமுன் நீரைச் சுவைத்துப் பார்ப்பது நல்ல வழக்கம். கணினிக்கும் அவ்வழக்கமே பொருந்தும்.