சிக்கனமாக டொலமைற் மலைகளில் ஏறுவது எப்படி?



வெளிநாட்டுப் பயணம் என்றதும் நம்மிற் பலருக்கு நகரங்களும் கடைத்தெருக்களும் பழைய கோபுரங்களுமே நினைவுக்கு வருகின்றன. ஆயினும், பாறையேற்றத்தில் நாட்டங்கொண்ட இளைஞர்களுக்கு அவை பொருட்டல்ல. கயிற்றை இடைவாரிற் பிணைத்துக்கொண்டு, விரலளவு விளிம்பே பிடியாக உள்ள செங்குத்துப் பாறையில் ஏறுவதே அவர்களுக்கு இன்பம். அத்தகையோர் மனத்தில் எழும் முதல் வினா, "கையிற் சிறு தொகையே இருக்கையில், பிறநாட்டு மலைப்பிரதேசம் ஒன்றுக்குச் சென்று ஏறிவர முடியுமா?" என்பதாகும். முடியும் என்பதே என் விடை. ஆனால், எதிலே சிக்கனம் செய்யலாம், எதிலே செய்யலாகாது என்பதைப் புறப்படுமுன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இதனை விளக்குவதற்கு, இத்தாலியின் வடகிழக்கில் உள்ள டொலமைற் மலைகளை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

ஆல்ப்ஸ் மலைத்தொடரின் ஒரு கிளையான இம்மலைகள், ஏறக்குறைய இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வெப்பமண்டலக் கடலின் அடியிற் படிந்தவை. பவளப் பாறைத் திட்டுக்களும் கடற்படிவுகளும் காலப்போக்கில் உயர்ந்து, இன்று மூவாயிரம் மீற்றருக்கு மேற்பட்ட சிகரங்களாக நிற்கின்றன. அவற்றுள் மிக உயர்ந்தது 3,343 மீற்றர் உயரமுள்ள மார்மொலாடா. இப்பாறையின் தன்மையை 1791இல் எடுத்துரைத்த டொலொமியூ என்னும் பிரெஞ்சு நாட்டறிஞரின் பெயரே மலைக்கும் வந்தது. மாலை வேளையில் இச்சிகரங்கள் இளஞ்சிவப்பாக ஒளிர்வதை அங்குள்ள லடின் மொழி பேசும் மக்கள் "என்றோசடீரா" என்பர். 2009இல் யுனெஸ்கோ நிறுவனம் இப்பகுதியை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

இனி, பயணத்துக்கு ஏற்ற காலத்தைக் கவனிப்போம். உயரத்திலுள்ள மலைவிடுதிகள் பெரும்பாலும் யூன் மாதப் பிற்பகுதியில் திறந்து செப்டெம்பர் இறுதியளவில் மூடப்படுகின்றன. யூலை, ஓகஸ்ட் மாதங்களிற் கூட்டம் மிகுதி. அதிலும் ஓகஸ்ட் 15ஆந் திகதி இத்தாலியர் கொண்டாடும் விடுமுறையைச் சூழ்ந்த இரு வாரங்களில் அறை கிடைப்பது அரிது. கிடைப்பினும் விலை உச்சத்தில் இருக்கும். அன்றியும், அம்மாதங்களிற் பிற்பகல் இடிமழை அடிக்கடி பெய்யும். செப்டெம்பர் முதற் பாதியிலோ வானம் ஓரளவு தெளிந்திருக்கும், கூட்டம் குறையும், விடுதிக் கட்டணமும் இறங்கும். பகற்பொழுது சற்றுக் குறுகுவது ஒன்றே குறை. ஆகையால், சிக்கனத்துக்கும் பாதுகாப்புக்கும் ஒருங்கே பொருந்துவது செப்டெம்பர் மாதமே.

அடுத்தது விசா. இலங்கைக் கடவுச்சீட்டு உடையோருக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்னரேயே விண்ணப்பிக்கலாம்; பதினைந்து நாட்களுக்குக் குறையாமல் முன்னதாக விண்ணப்பித்தே ஆகவேண்டும். 2024 யூன் முதல் வயதுவந்தோருக்கான கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி இருத்தல் வேண்டும் என்பதும் விதியாகும். இக்காப்புறுதியைப் பற்றிப் பின்னரும் பேசுவேன்.

வெனிஸ் நகரத்து விமான நிலையத்தில் இறங்கினால், கோற்றினா தம்பெற்சோ என்னும் மலைநகருக்குப் பஸ் வண்டியிற் செல்லலாம். 1956இல் குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டுக்கள் நடைபெற்ற ஊர் இது. அங்கிருந்து சிறிது தூரத்தில் ஐந்து கோபுரங்கள் எனப் பொருள்படும் சிங்குவே தொறி என்ற பாறைக்கூட்டம் உண்டு. 2,361 மீற்றர் உயரமுள்ள பெரிய கோபுரத்தைச் சுற்றி, எளியனவும் கடியனவுமான ஏற்றப் பாதைகள் பல நெருங்கி அமைந்துள்ளன. ஓரிடத்தில் தங்கி, நாள்தோறும் வேறு வேறு பாறையில் ஏறி மீளலாம். இடத்துக்கிடம் அலையாதவனுக்கு வண்டிச் செலவும் இல்லை. மூட்டை சுமக்கும் களைப்பும் இல்லை. மோட்டார் வண்டியை வாடகைக்கு எடுக்கும் அவசியமும் இவ்வாறு நீங்குகிறது. தென்றிரோல் மாகாணப் பக்கமாகத் தங்குவோருக்குப் பல விடுதிகள் பஸ்ஸிலும் புகைவண்டியிலும் இலவசமாகச் செல்லும் அட்டை ஒன்றை வழங்குகின்றன என்பதையும் நினைவிற் கொள்க.

தங்குமிடத்தில் மூன்று வழிகள் உள்ளன. பள்ளத்தாக்கிலுள்ள கூடார முகாமிற் கூடாரம் அடிப்பது மிக மலிவு. ஆனால், கண்ட இடத்திற் கூடாரம் அடித்தல் இயற்கைப் பூங்காக்களில் தடை செய்யப்பட்டுள்ளது. இரண்டாவது, மலைமேலுள்ள விடுதிகள். இவற்றிற் பலவற்றை இத்தாலிய ஆல்ப்ஸ் கழகம் நடத்துகிறது. அக்கழகத்திலோ, அதனோடு உடன்பாடு செய்துள்ள பிறநாட்டுக் கழகம் ஒன்றிலோ அங்கத்தவராக இருப்பவருக்குப் படுக்கைக் கட்டணத்திற் கணிசமான கழிவு உண்டு. பல இரவுகள் தங்குவோருக்கு ஆண்டுச் சந்தாவின் பெரும்பகுதி அக்கழிவிலேயே திரும்பிவிடும். மூன்றாவது, பிவாக்கோ எனப்படும் ஆளில்லாச் சிறு தகரக் குடில்கள். இவை பெரும்பாலும் இலவசம். எனினும், ஆபத்து வேளைக்காக அமைந்தவையாகையால், இவற்றை நம்பித் திட்டம் வகுத்தல் முறையன்று.

விடுதிக்குச் செல்வோர் மெல்லிய துயில் உறை ஒன்றைத் தாமே கொண்டுபோக வேண்டும். கையிற் சிறிது ரொக்கப் பணமும் வேண்டும். மலைமேல் வங்கி அட்டை எப்போதும் செல்லுமென்பதற்கில்லை. இப்பாறை நீரை உறிஞ்சிக் கீழே விட்டுவிடும் இயல்புடையது. ஆதலால் உயரத்தில் ஊற்றுக்கள் அரிது. பல விடுதிகளிற் குடிநீரையும் விலைகொடுத்தே வாங்க வேண்டியிருக்கும். நகரத்துக் கடையில் ரொட்டியும் பாற்கட்டியும் உலர்ந்த பழங்களும் வாங்கிச் சென்றால் மதிய உணவுச் செலவு பாதியாகக் குறையும். அடுப்புக்கான வாயுக் குப்பிகளை விமானத்திற் கொண்டுசெல்ல இடமில்லை. அங்கே சென்றுதான் வாங்கவேண்டும்.

இதுவரை கூறியவை எல்லாம் சிக்கனம் செய்யத்தக்கவை. இனிச் சிக்கனம் செய்யத்தகாதவற்றுக்கு வருவோம்.

எமிலியோ கோமிச்சி என்பவர் இத்தாலியப் பாறையேற்ற வரலாற்றிற் புகழ்பெற்றவர். 2,999 மீற்றர் உயரமுள்ள சீமா கிறாண்டே சிகரத்தின் வடமுகத்தில், 1933 ஓகஸ்டில், டிமாய் சகோதரர் இருவரோடு முதன்முதலாக ஏறியவர் அவரே. தலைக்குமேல் முன்தள்ளி நிற்கும் அச்சுவரை ஏறமுடியாதென்று அதுவரை கருதியிருந்தனர். அத்தகைய வல்லுநர் 1940இல் உயிர்நீத்தது பெருஞ்சிகரம் ஒன்றிலன்று. கார்தேனாப் பள்ளத்தாக்கின் அருகே, பயிற்சிக்குரிய ஒரு சிறு பாறையில், அவரைத் தாங்கியிருந்த சிறுகயிறு அறுந்தமையால் வீழ்ந்து மாண்டார். அக்கயிற்றின் விலை என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே, பழைய கயிற்றை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். அதன் முன்வரலாற்றை நீங்கள் அறியீர்கள். எத்தனை வீழ்ச்சிகளைத் தாங்கியதோ, எந்த அமிலம் பட்டதோ, கண்ணுக்குத் தெரியாது. 1932இல் தொடங்கிய சர்வதேச மலையேற்றச் சம்மேளனத்தின் முத்திரையோ, ஐரோப்பியத் தரமுத்திரையோ உள்ள புதிய கயிற்றையே வாங்குங்கள். கரபினர் எனப்படும் கொளுவி வளையத்தின் பக்கத்தில் 22 கிலோநியூற்றன் எனப் பொறித்திருந்தால், நீளவாக்கில் ஏறக்குறைய 2,200 கிலோகிராம் எடைக்கு ஒப்பான இழுவையை அது தாங்கும் என்பது பொருள். ஆனால், அதே வளையத்தின் வாய் திறந்திருக்கையில் அவ்வலிமை ஏறத்தாழ மூன்றிலொன்றாகக் குறைந்துபோம். பொருளை வாங்கினாற் போதாது. அதன் இயல்பையும் அறிந்திருக்க வேண்டும்.

தலைக்கவசமும் அவ்வாறே. 2004இல் அந்த ஐந்து கோபுரங்களின் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு பாறைத்தூணே சரிந்து வீழ்ந்தது. பெரும்பாறை வீழ்வது அபூர்வம். ஆனால், மேலே ஏறுவோர் காலிற் பட்டுச் சிறுகல் உருள்வது அன்றாட நிகழ்ச்சி.

முதலாம் உலகப் போரில், 1915 முதல் 1917 வரை, இத்தாலியப் படையும் ஒஸ்திரிய-ஹங்கேரியப் படையும் இம்மலைகளில் எதிரெதிரே நின்றன. அப்போது படைவீரர் அமைத்த இரும்பு ஏணிகளையும் கம்பிகளையும் தழுவி உருவான "இரும்புப் பாதைகள்" பல இன்று பயணிகளை ஈர்க்கின்றன. அவற்றில் ஏறுவதற்கு அதிர்ச்சியை உட்கொள்ளும் இரட்டைக் கை இணைப்பு வேண்டும். சாதாரணக் கயிற்றுத் துண்டால் அதனை ஈடுசெய்யலாகாது. இதனை வாங்கவேண்டியதில்லை, அவ்வூர்க் கடைகளில் நாள்வாடகைக்கு எடுக்கலாம். இடி இடிக்கும் அறிகுறி கண்டவுடன் அவ்விரும்புக் கம்பியை விட்டு விலகிவிட வேண்டும்.

காப்புறுதிக்கு மீண்டும் வருவோம். விசாவுக்காக வாங்கும் மலிவான பத்திரங்கள் பலவற்றில், கயிறு கொண்டு ஏறும் மலையேற்றம் விலக்கப்பட்டிருக்கும். சிறிய எழுத்தில் உள்ளதையும் படியுங்கள். அங்கே ஆபத்துதவிக்கு அழைக்கும் எண் 112. ஹெலிகொப்டர் வந்து மீட்டால், காயமின்றி அகப்பட்டவரிடம் சில பகுதிகளில் நிமிடக் கணக்கிற் கட்டணம் அறவிடுகிறார்கள். மீட்புச் செலவையும் உள்ளடக்கிய காப்புறுதியே வேண்டும். சில ஆல்ப்ஸ் கழகங்களின் சந்தாவில் இக்காப்பும் அடங்கியிருக்கும். சேருமுன் அதன் நிபந்தனைகள் உங்களுக்குப் பொருந்துமா என விசாரித்தறியுங்கள். தொலைபேசி வேலை செய்யாவிடின், நிமிடத்துக்கு ஆறு முறை ஒலியாலோ ஒளியாலோ சைகை செய்து, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் தொடங்குக. நிமிடத்துக்கு மூன்று சைகைகள் கேட்டால், உதவி வருகிறதென அறிக.

இறுதியாக ஒன்று. பன்னிரண்டு நாட் பயணமாயின், மூன்று நாட்களை எந்த ஏற்றமும் குறிக்காமல் விட்டுவையுங்கள். அவற்றுக்குரிய உணவையும் படுக்கையையும் முதலிலேயே செலவுக் கணக்கிற் சேருங்கள். வீண்செலவென்று சிலர் நினைக்கலாம். உண்மை வேறு. இறுக்கமான கணக்கோடு சென்றவன், கருமுகில் திரள்வதைக் கண்டும், "இத்தனை பணம் செலவழித்து வந்துவிட்டு ஏறாமல் திரும்புவதா?" என்று தன்னையே தூண்டிக்கொள்வான். அந்த எண்ணமே அவனை மலைமேல் அகப்படச் செய்யும். ஓய்வுநாளைக் கணக்கில் வைத்தவனோ, "நாளை பார்ப்போம்" என்று அமைதியாகத் திரும்புவான். 2022 யூலை 3ஆந் திகதி, கடும் வெப்பத்தால் மார்மொலாடாவின் பனிப்பாறையில் ஒரு பகுதி இடிந்து பதினொருவர் மாண்டனர். மலையின் குணம் மாறிவருகிறது. முற்காலத்து நூல்கள் கூறும் பாதைகளை அப்படியே நம்பாது, ஒவ்வொரு காலையிலும் விடுதிக்காரரிடமும், தகுதிபெற்ற வழிகாட்டியிடமும் நிலைமையைக் கேட்டறிதல் நன்று. வழிகாட்டியின் கூலி பெரிதாகத் தோன்றினால், முதல் இரு நாட்களுக்கு மட்டும் இரு நண்பர்கள் சேர்ந்து பகிர்ந்துகொள்ளலாம். அவ்விரு நாட்களிற் கற்பது எஞ்சிய நாட்களுக்கெல்லாம் துணையாகும்.

யானையை வாங்கியவன் அங்குசம் வாங்கத் தயங்கலாமா என்பர் நம் முன்னோர். ஊணிலும் உறையுளிலும் வண்டியிலும் மிச்சம் பிடியுங்கள். அவ்வாறு மிஞ்சிய பணத்தைக் கயிற்றிலும் காப்புறுதியிலும் ஓய்வுநாளிலும் இடுங்கள். அவ்வாறு புறப்படும் இளைஞர்கள் நலமே ஏறி, நலமே வீடு திரும்புவார்களாக.