வரி கொடுப்போம், கணக்குக் கேட்போம்



இலக்கிய மேடையில் வரியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பியின் அவைக்குப் போய்ப் பாடியது வரியைப் பற்றித்தான். அரசன் குடிகளிடம் எப்படி வாங்க வேண்டும் என்பதைப் புலவன் எடுத்துச் சொல்லலாம் என்று நம் மொழி அன்றே இடம் கொடுத்திருக்கிறது. அந்த உரிமையோடுதான் நானும் பேச வந்திருக்கிறேன்.

நாடு முழுவதும் ஒரு வாதம் நடக்கிறது. வரியைக் கூட்டினால்தான் நாடு பிழைக்கும் என்கிறது ஒரு தரப்பு. கூட்டினால் வியாபாரம் படுத்துவிடும், படித்தவர்கள் வெளிநாடு போய்விடுவார்கள் என்கிறது மறு தரப்பு. இரண்டு தரப்பிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கூட்டுவதா, குறைப்பதா என்ற கேள்விக்குள்ளேயே நின்றுவிட்டால் நாம் ஏமாந்துபோவோம். யாரிடம் வாங்குகிறீர்கள், வாங்கியதை யாருக்குச் செலவிடுகிறீர்கள் என்பதே நம்முடைய கேள்வியாக இருக்க வேண்டும். இதைக் கேட்பதற்குக் கண்டியைவிடப் பொருத்தமான ஊர் இந்த நாட்டில் இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். 1847இல் டொரிங்டன் பிரபு இலங்கைக்கு ஆளுநராக வந்தார். இங்கிலாந்தில் பொருளாதாரம் விழுந்து, கோப்பி விலை சரிந்து, அரசாங்கத்தின் பெட்டி காலியாகிக் கொண்டிருந்த நேரம். அவர் என்ன செய்தார்? கோப்பித் தோட்டத் துரைமாருக்கு ஏற்றுமதித் தீர்வையில் சலுகை கொடுத்தார். பள்ளத்தை நிரப்பச் சாதாரண சனத்தின் பக்கம் திரும்பினார். துவக்கு வைத்திருந்தால் இரண்டரை சிலிங். நாய் வளர்த்தால் ஒரு சிலிங். கடைக்கு வரி. வயது வந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் தெரு போடும் வேலை செய்ய வேண்டும், முடியாதென்றால் மூன்று சிலிங் கட்ட வேண்டும். அந்தத் தெருக்கள் பெரும்பாலும் கோப்பி மூட்டை இறங்குவதற்கான தெருக்கள்.

1848 ஜூலையில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் கண்டிக் கச்சேரிக்கு முன்னால் வந்து நின்றார்கள். அவர்களுக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. மாதம் முடிவதற்குள் மாத்தளையிலும் குருநாகலிலும் கலவரம் வெடித்தது, இராணுவச் சட்டம் வந்தது. ஆகஸ்ட் 8ஆம் திகதி, கலவரத்துக்குத் தலைமை தாங்கிய புரன் அப்புவை இதே ஊரில், போகம்பரையில் நிறுத்திச் சுட்டார்கள். குடாபொல தேரரையும் காவி உடையோடு சுட்டார்கள். இலண்டன் பாராளுமன்றத்தில் விசாரணை நடந்தது. 1850இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். சனத்தைக் கொதிக்க வைத்த வரிகளில் சிலவற்றை அரசாங்கம் கைவிட வேண்டி வந்தது.

வரியே வேண்டாம் என்பதற்காக அந்தச் சனம் எழும்பவில்லை. இருப்பவனுக்குச் சலுகை, இல்லாதவனுக்குச் சுமை, அதுவும் ஒரு வார்த்தை கேட்காமல் என்பதற்காகத்தான் எழும்பியது. அந்தக் கதையைப் பாடப்புத்தகத்தில் வீரக்கதையாகப் படித்துவிட்டு மூடி வைக்கிறோம். அதன் கணக்குப் பாடத்தைப் படிக்காமல் விட்டதால்தான் 2019இல் மறுபடி அடி வாங்கினோம்.

2019 டிசம்பரில் புதிய அரசாங்கம் வந்த கையோடு பெறுமதி சேர் வரியை, நாம் வற் என்று சொல்கிற வரியை, 15 வீதத்திலிருந்து 8 வீதமாக இறக்கியது. தேச நிர்மாண வரியை எடுத்துவிட்டது. ஆண்டுக்கு 1 கோடி 20 இலட்சம் ரூபா வியாபாரம் செய்பவர் வற்றுக்குப் பதிய வேண்டும் என்று இருந்ததை 30 கோடியாக உயர்த்தியது. சம்பளத்தில் பிடிக்கும் வரியும் போயிற்று. கைதட்டினோம். வரி குறைந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால் அரசாங்கத்தின் வருமானம் என்னவாயிற்று? 1990களின் தொடக்கத்தில் நாட்டின் மொத்த உற்பத்தியில் 20 வீதத்தை ஒட்டி இருந்த வருமானம், 2019இல் 12 வீதத்தளவில் இருந்தது. 2021இல் 8 வீதத்துக்கு வந்து நின்றது. உலகத்திலேயே மிகக் குறைந்த வருமானம் உள்ள அரசாங்கங்களில் ஒன்றாகிப் போனோம். பள்ளத்தை நிரப்ப மத்திய வங்கி பணம் அச்சிட்டது. கொரோனாவில் சுற்றுலா படுத்தது, டொலர் தீர்ந்தது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கையை விரித்தது.

அதன் விலையைக் கொழும்புப் புள்ளிவிவரத்தில் தேட வேண்டாம், நம் பக்கத்திலேயே பாருங்கள். 2022 மார்ச் மாத இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலை, மருந்து இல்லாததால் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தி வைத்தது. இங்கிருந்து நான்கு மைல் தூரத்தில், இந்த மலைநாட்டின் ஏழைகள் எல்லோரும் போய் நிற்கும் ஆஸ்பத்திரி அது. திகதி கொடுக்கப்பட்ட நோயாளிகள் வீட்டுக்குத் திரும்பினார்கள். அந்தச் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியது. உணவுப் பொருள்களின் விலை அதைவிட மோசமாக ஏறியது. முந்தின வருடம் 100 ரூபாவுக்கு வாங்கியதற்கு 170 ரூபா. சட்டமும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை, யாரும் வாக்களிக்கவும் இல்லை. ஆனாலும் அதுவும் வரிதான், ஏழையிடம் மட்டும் கூடுதலாகப் பிடித்த வரி. 2019இல் பெரிய வியாபாரிக்குக் குறைத்ததை 2022இல் கூலிக்காரன் கட்டினான்.

இன்னொரு உதாரணம். 2020 ஒக்டோபரில் ஒரு கிலோ சீனிக்கு 50 ரூபாவாக இருந்த விசேட பண்ட வரியை 25 சதமாக்கினார்கள். கடையில் சீனி விலை அதற்கேற்ப இறங்கியதா? இல்லை. சுமார் 1600 கோடி ரூபா அரச வருமானம் போனதாகப் பாராளுமன்றக் குழுவிலேயே பேசப்பட்டது. வரியைக் குறைத்தால் சனத்துக்கு நன்மை என்று சொல்பவர்களிடம் இந்த ஒரு கிலோ சீனியை எடுத்து வையுங்கள்.

ஆகவே, வரி குறைய வேண்டும் என்று மொட்டையாகக் கேட்பவன் நானல்ல. வைத்தியசாலைக்கு மருந்தும் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியரும் தெருவுக்குத் தாரும் வேண்டுமென்றால் அரசாங்கத்திடம் பணம் இருக்க வேண்டும். 2025 நொவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது நாட்டில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மிக அதிகமான உயிர்களைக் கொடுத்தது நம் கண்டி மாவட்டம். இடிந்த மலைச்சரிவுகளைக் காப்பதற்கும், உடைந்த ரயில் பாதையைக் கட்டுவதற்கும், லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு உறுதியான நிலத்தில் வீடு கொடுப்பதற்கும் பொதுப்பணம் தவிர வேறு வழி கிடையாது.

ஆனால் 2022 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு அந்தப் பொதுப்பணத்தை எப்படித் திரட்டினார்கள்? வற் 2022 ஜூனில் 12 வீதம், செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் இருந்த விலக்கு போயிற்று. தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றி வரும் லொறியின் டீசலிலும் வரி. புத்தகத்துக்கும் வரி. எழுத்தை நேசிக்கும் இந்தச் சபை அதை மறக்கக்கூடாது.

அதே நேரத்தில் 2023 ஜனவரியில் மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் சம்பளம் வாங்குபவர்களுக்கு 6 வீதம் தொடங்கி 36 வீதம் வரை வருமான வரி வந்தது. வைத்தியர்கள், பொறியியலாளர்கள், பல்கலைக்கழக ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள் அந்த மார்ச்சில் வேலைநிறுத்தம் செய்தார்கள். விலைவாசி உச்சத்தில் நின்றபோது விழுந்த அடி அது. வேதனை உண்மையானது, நல்ல வைத்தியர்களை நாம் இழந்ததும் உண்மை. அவர்கள் குரல் கொடுத்தார்கள், பலன் கிடைத்தது. மாதம் இரண்டு இலட்சம் வாங்குபவர் 2023இல் 10,500 ரூபா கட்டினார். 2025 ஏப்ரலில் விலக்கு வரம்பை ஒன்றரை இலட்சமாக்கிய பிறகு 3,000 ரூபா கட்டுகிறார். நல்லது, நான் குறை சொல்லவில்லை.

ஆனால் கலஹாவில் கொழுந்து பறிக்கும் நம் அக்காவின் கணக்கை யார் போட்டார்கள்? அவருக்கு வருமான வரி இல்லை. அரிசிக்கும் பாணுக்கும் வற் இல்லை. ஆனால் சவர்க்காரம், பிள்ளையின் சப்பாத்து, காஸ் சிலிண்டர், கைத்தொலைபேசி என்று மாதத்தில் 11,800 ரூபாவுக்குச் சாமான் வாங்கினால் அதில் 1,800 ரூபா வற். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தை 1,350இலிருந்து 1,750 ஆக்குவதாக 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். அந்த 1,750ஐயும் முழுசாக எடுத்து வைத்தாலும் இந்த வரிக்குப் போதாது. காலையில் கொழுந்துக் கூடையை மாட்டி, அட்டைக் கடியோடு மலை ஏறி, மாலையில் நிறுத்துக் கொடுக்கும் ஒரு முழுநாள் வேலை வரிக்கே போகிறது. மாதம் பத்து இலட்சம் சம்பாதிப்பவரும் அதே சவர்க்காரத்துக்கு அதே 18 வீதம்தான் கொடுக்கிறார். அவருக்கு அது ஒரு நாள் வேலையா? சிந்தித்துப் பாருங்கள்.

வருமான வரியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யலாம். வற்றை எதிர்த்து யார் வேலைநிறுத்தம் செய்ய முடியும்? கடை முன்னால் ஒவ்வொருவரும் தனித்தனியாக நின்று கட்டுகிறோம். கட்டுகிறோம் என்றே பலருக்குத் தெரியாது. தெரியாமல் கட்டுகிறவனுக்குக் குரல் இல்லை. குரல் இல்லாதவன் தலையில் சுமை ஏற்றுவது எந்த அரசாங்கத்துக்கும் சுலபம். நெடுங்காலமாக இந்த நாட்டின் வரியில் நூற்றுக்கு எண்பது மறைமுக வரியாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

நம் மக்களுக்கு இது இன்று வந்த அனுபவமா? 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரானது. சுதந்திரத்துக்குப் பிறகு பல பத்தாண்டுகள் தேயிலை ஏற்றுமதித் தீர்வை அரச வருமானத்தின் பெரும் தூண்களில் ஒன்று. அந்தப் பணத்தைக் கொண்டு இந்த நாடு இலவசக் கல்வி கொடுத்தது, இலவச வைத்தியம் கொடுத்தது, உலகம் மெச்சியது. ஆனால் அந்தத் தேயிலையைப் பறித்த மக்களின் குடியுரிமையை 1948இல் பறித்தார்கள். தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் முழுதாகப் பொறுப்பேற்க 1970களின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரதேச சபை தோட்டத்துக்குள் ஒரு பாதை போட நினைத்தாலும் 2018இல் சட்டம் திருத்தப்படும் வரை தடை இருந்தது. கொடுத்தோம், தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தோம். பங்கு கேட்கும்போது மட்டும் நம்மை வேற்று மனிதர் போலப் பார்த்தார்கள். வரி கொடுப்பதற்கும் கணக்குக் கேட்பதற்கும் உள்ள தொடர்பை அறுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் வரலாற்றைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

என் கருத்தை ஒளிவில்லாமல் சொல்கிறேன். அரச வருமானம் உயரட்டும். ஆனால் அது உயர் வருமானத்திலிருந்தும் பெரிய சொத்திலிருந்தும் பெரிய நிறுவனங்களுக்கு வாரி வழங்கும் சலுகைகளை வெட்டியும் உயரட்டும். சவர்க்காரத்திலும் கொப்பியிலும் புத்தகத்திலும் வற் இறங்கட்டும். முடியாத காரியம் அல்ல. உள்நாட்டுப் பாலுக்கும் யோகட்டுக்கும் 2025இல் விலக்குக் கொடுத்தார்களே, அதே பேனாவால் பாடப்புத்தகத்துக்கும் எழுதலாம். நமக்குக் கடன் கொடுக்கும் சர்வதேச நாணய நிதியம் விடாது என்பார்கள். நிதியம் கேட்பது இவ்வளவு வருமானம் வேண்டும் என்று. அதை யார் தலையில் வைப்பது என்பதைத் தீர்மானிக்கும் இடம் நம் பாராளுமன்றம். சட்டத்தின் அதிகாரமில்லாமல் எந்த வரியும் விதிக்கக்கூடாது என்று அரசியலமைப்பின் 148ஆவது உறுப்புரை சொல்கிறது. அந்தச் சட்டத்துக்குக் கை தூக்குபவர்கள் நாம் அனுப்பியவர்கள்.

தம்பி தங்கைகளே, இந்த மண்டபத்தை விட்டு இறங்கியதும் செய்யக்கூடிய வேலை இருக்கிறது. கடையில் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். உங்களிடம் வாங்கிய வற் அரசாங்கத்துக்குப் போக வேண்டும், வியாபாரியின் பையில் தங்கக்கூடாது. வீட்டுக்குச் சோலைவரி கட்டுபவர்கள் மாநகர சபை அதை எங்கே செலவிட்டது என்று கேளுங்கள். உங்கள் பிரதேச சபை 2018 திருத்தத்துக்குப் பிறகு எந்தத் தோட்டப் பாதைக்கு எத்தனை ரூபா ஒதுக்கியது என்று எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாம், தமிழிலேயே பதில் கேட்கலாம். வரவு செலவுத் திட்டம் வரும் மாதத்தில் நம் வாசகர் வட்டங்கள் கவிதை நூலோடு அதன் வரவு செலவுப் பட்டியலையும் வாசிக்கட்டும். எழுதத் தெரிந்தவர்கள், எழுதத் தெரியாத தாய்மாருக்காகத் தகவல் கேட்கும் விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்கட்டும். நம் எழுத்துக்கு இதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியவில்லை.

1848இல் கச்சேரி வாசலில் நின்றவர்களிடம் இந்தச் சட்டமும் இல்லை, வாக்கும் இல்லை. நம்மிடம் இரண்டும் இருக்கின்றன. வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் குற்றம் நம்முடையது. கொடுக்க வேண்டிய வரியை நேர்மையாகக் கொடுப்போம். கொடுத்த ஒவ்வொரு ரூபாவுக்கும் தலை நிமிர்ந்து கணக்குக் கேட்போம்.