துபாயில் ஒரு வாடகை வீடு



டில்லியிலும் மும்பையிலும் பணிபுரியும் நம்மவர், ஓய்வுக்காலச் சேமிப்பைக் கொண்டு சொந்த ஊரில் ஒரு வீடு வாங்குவது பழைய வழக்கம். இப்போது அச்சேமிப்பு கடல் கடக்க விரும்புகிறது. துபாயில் அடுக்குமாடி இல்லம் ஒன்றை வாங்கி வாடகைக்கு விட்டால் இருந்த இடத்திலேயே வருமானம் வந்து சேரும் என்று முகவர்கள் கூறுகின்றனர். அவர்கள் கூறுவதில் மெய்யும் உண்டு; கூறாது விடுவதும் உண்டு.

அயலார்க்கு முழு உரிமையுடன் வீடு விற்கும் வழக்கம் அங்கு 2002ஆம் ஆண்டில் தொடங்கியது. 2006ஆம் ஆண்டின் 7ஆம் எண் சட்டம் அதனை உறுதி செய்தது. எனினும், அவ்வுரிமை எல்லா இடத்திலும் இல்லை. ஆட்சியாளர் குறித்துள்ள பகுதிகளில் மட்டுமே உண்டு. ஆகவே, வீட்டின் அழகைக் காணுமுன் அது நிற்கும் மண்ணின் தன்மையைக் கேட்டறிதல் வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் விலை பத்து இலட்சம் திர்ஹம் என்று கொள்வோம். பதிவுக் கட்டணம் நூற்றுக்கு நான்கு. ஆக, முதல் 10,40,000. ஆண்டு வாடகை 70,000 எனின், விளம்பரம் நூற்றுக்கு ஏழு என்று முழங்கும். ஆனால் கட்டடப் பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக் கணக்கில் ஆண்டுதோறும் உண்டு. அது 15,000 ஆகட்டும். வீட்டைக் கவனிப்பவர்க்கு 3,500, பழுது பார்க்க 3,000, ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் ஏறத்தாழ 5,800. எஞ்சுவது 42,700, அதாவது நூற்றுக்கு நான்கு சொச்சம். இவை யான் கற்பித்த எண்களே. ஆயினும், கழிக்கும் முறை மெய்யானது.

வாடகை ஒப்பந்தத்தை அங்கே 'எஜாரி' என்னும் முறையில் பதிதல் வேண்டும். அரபியில் அதற்கு 'என் வாடகை' என்பது பொருள். பழைய வருவாய்க் கணக்குகளில் நாம் காணும் 'இஜாரா' என்னும் சொல்லுக்கு இது நெருங்கிய உறவு என்பதை மொழிபெயர்ப்பாளனாகிய யான் சொல்லாது விடல் இயலவில்லை. வாடகையைப் பெரும்பாலும் பின்தேதியிட்ட காசோலைகளாகப் பெறுவர். அதை நினைத்தபடி உயர்த்த இயலாது. 90 நாள் முன்னறிவிப்பு வேண்டும், 2013ஆம் ஆண்டின் ஆணை வரம்பும் விதிக்கிறது. விற்பதற்கென்றோ தாமே குடியிருப்பதற்கென்றோ குடியிருப்பவரை வெளியேற்ற, பன்னிரண்டு மாத அறிவிப்பைச் சட்டப்படி அனுப்புதல் வேண்டும். அவசரத்திற்குப் பணமாக்கலாம் என்று எண்ணுவோர் இவ்விதியை இருமுறை படிப்பாராக!

கட்டி முடியாத வீட்டுக்குப் பணம் தருவோர் 2008ஆம் ஆண்டை மறத்தலாகாது. அவ்வாண்டின் இறுதியில் விலை சரிந்தது. பல கட்டடங்கள் அடித்தளத்தோடு நின்றன. வாங்குவோர் பணத்தைத் தனிக் காப்புக் கணக்கில் வைக்கக் கூறும் சட்டம் 2007லேயே வந்திருந்தது. ஆதலின், பணத்தை அக்கணக்கில் மட்டுமே செலுத்துக.

இனி, நம் நாட்டுச் சட்டம். ரிசர்வ் வங்கியின் தாராளப் பணவனுப்புத் திட்டத்தின்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். துபாயில் தனிநபர் வருமான வரி இல்லை என்பது உண்மையே. ஆனால், இந்தியாவில் வசிப்பவர் தம் உலக வருமானம் முழுவதற்கும் இங்கே வரி செலுத்தக் கடமைப்பட்டவர். பராமரிப்புக்கென்று எவ்வளவு செலவிட்டாலும் கிடைப்பது 30 விழுக்காட்டுக் கழிவே. அயல்நாட்டுச் சொத்தை வரிப்படிவத்தில் காட்டாதோர்க்கு 2015ஆம் ஆண்டின் சட்டம் பத்து இலட்சம் ரூபாய் தண்டம் விதிக்க இடம் தருகிறது. சிறு சொத்துகளுக்குப் பின்னர் அளித்த விலக்கு வீடு மனைகளுக்கு இல்லை.

அயல்மண்ணில் நிலம் கொள்ளுதல் தமிழர்க்குப் புதிதன்று. 1930க்குப் பின் நெல் விலை வீழ்ந்தபோது, கடனுக்கு ஈடாக வந்த நிலங்களால், கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களில் ஏறக்குறைய கால்பங்கு நகரத்தார் வசமாயிற்று. அவற்றைக் குடியானவர்க்குக் குத்தகைக்கு விட்டனர். 1948ஆம் ஆண்டு பர்மிய அரசு நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது. பத்திரங்கள் செட்டிநாட்டுப் பெட்டிகளில் தங்கின. துபாய் பர்மா அன்று. ஆயினும், வாக்குரிமையில்லா நாட்டில் சட்டம் மாறுங்கால் நம் சொல் ஏறாது.

இறுதியாக ஒன்று. முஸ்லிம் அல்லாதார் தம் உயிலைப் பதிய 2015 முதல் துபாயில் தனிப் பதிவகம் உள்ளது. வீட்டின் பத்திரம் கைக்கு வந்த அவ்வாரமே அதற்கும் எழுதிவிடுக. மனைவி மக்களிடம் அதன் படி ஒன்று இருக்கட்டும்.