வயல்நீரின் ஒரு துளி

செகிஞ்சான் வயல்களில் நீர் நிற்கும் நாள்களில் படரும் பச்சை வழுவழுப்பை நாம் பாசி என்கிறோம். சுவரில் படர்வதும் நமக்குப் பாசியே. பேச்சுக்கு அச்சொல் போதும், ஆய்வுக்குப் போதாது.

அப்படலத்தில் நீலப்பச்சைப்பாசி இழைகள் இருக்கலாம். (அது பாக்டீரிய வகையைச் சேர்ந்தது, பாசி என்னும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.) சில இனங்களில், மணி கோத்தாற்போன்ற உயிரணுக்களிடையே சுவர் தடித்து வெளிறிய அணுக்கள் தென்படும். ஹெட்டிரோசிஸ்ட் எனப்படும் அவையே காற்றின் நைட்ரஜனைப் பயிருக்கு உதவும் வடிவுக்கு மாற்றுகின்றன. நெல்வயலின் நைட்ரஜன் வளத்தில் இவ்வினங்களின் பங்கை 1939இல் பி.கே. டே எடுத்துரைத்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேசிகாச்சாரி எழுதி 1959இல் வெளிவந்த பெருநூலில் இவை கோட்டோவியங்களாக விளங்குகின்றன.

இன்று நுண்ணோக்கியின்மேல் ஒளிப்படக்கருவி அமர்ந்துள்ளது. முதலில் அளவுகோல் கண்ணாடியைப் படமெடுத்தல் வேண்டும்: 1 மில்லிமீட்டர் 100 கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும், ஒரு கூறு 10 மைக்ரோமீட்டர். அஃதின்றேல் படத்தில் நாம் அளப்பது எதற்கும் பொருளில்லை.

பின்னர் இமேஜ்ஜே போன்ற இலவச மென்பொருள் இருளையும் ஒளியையும் பிரித்து உயிரணுக்களை எண்ணும். சேற்றுநீரில் அது மண் துகளையும் உயிரணுவென்று கொள்ளும். வெளிறிய அணுவையோ விட்டுவிடும். நாம் தேடி வந்தது அதனைத்தானே!

கற்றுக்கொள்ளும் நிரல்களுக்கு இது மண், இது இழை என்று படந்தோறும் குறித்துக் காட்டுகிறோம். ஒரே படத்தை இரு மாணவர் குறித்தால் கணக்கு மாறுபடுவதுண்டு. அம்மாறுபாடு நிரலுக்குள்ளும் புகும். ஆகவே ஆசிரியர்களை வேண்டுகிறோம்: மாணவர் முதலில் கண்டதைப் பென்சிலால் வரையட்டும்; கணினியை அதன்பின் திறக்கலாம்.