பெட்டியில் எழுதிய நூறு ஆண்டு



ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ பழைய வீடொன்றுக்குப் போனால் விறாந்தைச் சுவரை ஒருக்கால் பாருங்கள். மேலே 1950களில் எடுத்த அப்புவின் கறுப்பு வெள்ளைப் படம் இருக்கும். கீழே 1980 அளவில் எடுத்த கலியாணப் படம், கலரில். மூத்த படத்தில் அப்புவின் மீசை மயிரைக்கூட எண்ணலாம். இளைய படத்தில் மாப்பிள்ளை, பொம்பிளை, மணவறை, வாழைமரம் எல்லாமே செம்மண் நிறமாகிவிட்டன.

கறுப்பு வெள்ளைப் படத்தின் கருமை வெள்ளி உலோகத்தின் நுண்மணிகளால் வருவது. கலர்ப் படமோ மூன்று சாயங்களின் கூட்டு. அந்தக் காலத்துக் கடதாசிகள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம், வெளிச்சமே படாமல் அல்பத்துக்குள் கிடந்தாலும் தானாகச் சிதைந்தது. அது போனால் மிஞ்சுவது சிவப்பும் மஞ்சளும்தான். ஆகவே அலுமாரியில் பூட்டி வைத்தவர்களின் படங்களும் தப்பவில்லை.

இந்தப் படங்களைத்தான் இப்போது பலர் புதிதாக அச்சடிக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் தீவகத்துச் சனம் இடம்பெயர்ந்தபோது எத்தனையோ குடும்பங்களின் படங்கள் வீட்டோடு போய்விட்டன. கைப்பையில் தப்பிய ஒன்றிரண்டு ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும். ஆனித் திருவிழாவுக்கு நயினாதீவு வருகிறவர்கள் அவற்றைப் பெரிதாக்கிக் கொண்டுவருவார்கள், அல்லது யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோ ஒன்றில் அடித்துத் தரக் கேட்பார்கள். அடிப்பது இங்க்ஜெற் இயந்திரம். கண்ணுக்குத் தெரியாத துளிகளாக மையைத் தெளிக்கும் அதே முறையில்தான் ஓவியக்கூடங்கள் விலைகொடுத்து வாங்கும் கலை அச்சுகளும் உருவாகின்றன. மையும் கடதாசியும்தான் வேறு.

மையின் வேறுபாட்டைக் கலை அச்சுக்காரர்களே பட்டுத்தான் படித்தார்கள். 1991இல் கலிபோர்னியாவில் பாடகர் கிரஹாம் நாஷ் தொடங்கிய 'நாஷ் எடிஷன்ஸ்' கூடம், ஐரிஸ் என்ற இயந்திரத்தில் படங்களை அச்சிட்டது. புத்தகம் அச்சேறுமுன் நிறம் சரியா என்று பார்க்கச் செய்த இயந்திரம் அது. மாதிரி பார்த்ததும் எறிந்துவிடும் தாளுக்கு நீண்ட ஆயுள் எதற்கு? சாய மைதான் ஊற்றினார்கள். படங்கள் அழகாக வந்தன. ஆரம்பகாலத்து அச்சுகள் பல சில ஆண்டுகளிலேயே சுவரில் வெளிறின. அந்த இயந்திரம் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நூதனசாலையில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டளவில் நிறமி மை ஊற்றிய இயந்திரங்கள் மேசைக்கு வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

சாயம் நீரில் கரைந்து தனித்தனி மூலக்கூறாக நிற்பது. ஒளியும் காற்றிலுள்ள ஓசோனும் ஒவ்வொன்றையும் நேரே தாக்கும். நிறமி கரையாத மணி. ஒரு மணிக்குள் எண்ணற்ற மூலக்கூறுகள் நெருங்கிக் கிடக்கும். வெளித்தோல் சிதைந்தாலும் உள்ளே இருப்பது நிறத்தைக் காக்கும். இது எங்களுக்குப் புதிய சங்கதியில்லை. பனையோலையில் எழுத்தாணியால் கீறி, கீறலில் கரி பூசினார்கள் எங்கள் ஆட்கள். அந்தக் கரி காபன். நல்ல இங்க்ஜெற் மையின் கறுப்பும் காபன்தான். ஓலை செல்லரித்துப் போகும், எழுத்து மங்குவதில்லை.

கடதாசி பற்றியும் சொல்லவேண்டும். மரக்கூழிலுள்ள லிக்னினும் அமிலமும்தான் பழைய பத்திரிகையைப் பழுப்பாக்கி நொறுங்கவைக்கின்றன. கலை அச்சுக்குப் பருத்தி நாராலான, அமிலமற்ற தாளை எடுப்பார்கள். பின்னாளில் சேரும் அமிலத்தை முறிக்க அதில் கல்சியம் காபனேற்றையும் கலப்பார்கள். நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகளும் அதே பொருள்தான். கண்ணைப் பறிக்கும் வெள்ளைத் தாளைக் கண்டு மயங்காதீர்கள். சலவைத்தூளில் சேர்க்கிற வெண்மையூட்டிகளை அதிலும் சேர்த்திருப்பார்கள். அவை செயலிழந்ததும் தாள் மஞ்சளாகத் தெரியும். கொஞ்சம் பால்நிறமான தாளே என் தெரிவு.

மைப் பெட்டியில் நூறு ஆண்டு மங்காது என்று போட்டிருக்கும். பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கணக்கு எப்படி வந்தது? இத்துறையில் பெயர்பெற்ற ஹென்றி வில்ஹெல்மின் ஆய்வுகூடம் கொள்ளும் நிபந்தனைகளைக் கேளுங்கள்: நாளுக்கு 12 மணித்தியாலம், 450 லக்ஸ் வெளிச்சம், 24 பாகை செல்சியஸ் வெப்பம், 60 வீதம் ஈரப்பதன். தீவகத்தில் அப்படி ஒரு விறாந்தையைக் காட்டுங்கள் பார்ப்போம்! நேர் வெய்யில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். திறந்த விறாந்தையில் நிழலிலும் சில ஆயிரம் இருக்கும்.

அதோடு உப்பு. கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து எல்லாவற்றின் மேலும் படியவிடுகிறது. ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் கறியுப்பே காற்றிலுள்ள நீரை இழுத்துக் கசியும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைட்டு அதற்கு முன்பே இழுக்கும். கண்ணாடி போடாத அச்சில் அந்த ஈரம் இறங்கினால் அடுத்தது பூஞ்சணம்தான்.

ஸ்ரூடியோவில் முதலில் கேட்கவேண்டியது: கலர் மை சாயமா, நிறமியா? மையூற்றும் தாங்கி வைத்த மலிவு இயந்திரங்கள் பலவற்றில் கறுப்பு மட்டும் நிறமி, மற்றவை சாயம். கடைக்காரருக்கே தெரியாவிட்டால் சாதாரணத் தாளில் நாலு நிறம் அடிக்கச் சொல்லி, காய்ந்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்து ஓடினால் சாயம்.

சிலரிடம் மிஞ்சியிருப்பது ஒரு கடவுச்சீட்டு அளவுப் படம் மட்டும். அதைக் கைபேசியால் படமெடுத்து அனுப்பவேண்டாம். ஸ்கானரில் அங்குலத்துக்கு 1200 புள்ளி வைத்து எடுத்தால் எட்டுக்குப் பத்து அங்குலத்தில் அடிக்கும்போது அங்குலத்துக்கு 200 புள்ளிக்குக் குறையாது. சுவரில் மாட்டிப் பார்க்க அது போதும். முகத்தை மெருகேற்றித் தருகிறேன் என்பார்கள். அம்மம்மாவின் சுருக்கங்களை அழித்தபின் அங்கே இருப்பது யார்?

சட்டம் போடும்போது படத்தைப் பலகையில் பசையால் ஒட்ட விடாதீர்கள். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அமிலமற்ற மட்டையால் இடைவெளி விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மாரியில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். சட்டத்தின் பின்மூலைகளில் தக்கைத் துண்டு வைத்தால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும். மாட்டும் இடம் விறாந்தை வேண்டாம். வெய்யில் எட்டாத உள்சுவர் நல்லது. சாம்பிராணிப் புகை நாள்தோறும் படியும் சாமியறையும் வேண்டாம். ஆச்சிமார் இதற்குச் சம்மதிக்கமாட்டார்கள், தெரியும். அப்படியானால் இரண்டு பிரதி அடியுங்கள். சாமியறைக்கு மலிவானது போதும்.