களமும் கடிதமும் கோலும்



மதுரை மாநகரின் மேற்கே சம்மட்டிபுரம் என்றோர் இடம் உண்டு. கான்சாகிபு என்று நம் ஊரார் சொல்லும் யூசுப்கான் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1764 அக்டோபரில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அந்த வீரரின் வாளைப் பற்றி மேடைகளில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று நான் வாளைப் பற்றிப் பேச வரவில்லை. கணக்கேட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் கழுத்தில் விழுந்த கயிற்றின் ஒரு புரி, கடன் பத்திரத்தால் திரிக்கப்பட்டது என்று சொல்ல வந்திருக்கிறேன்.

நாட்டுக் கடன் என்றால், "அது பொருளாதாரப் புலவர்கள் பாடு, நமக்கென்ன?" என்று கேட்போர் உண்டு. கடன் வளர்ந்தால் வரி ஏறும், விலை ஏறும் என்று சொல்வோரும் உண்டு. அது பாதி உண்மை. மறுபாதி என்ன? யாரோடு நட்பு, யாரோடு பகை என்று ஒரு நாடு தானே முடிவு செய்யும் உரிமையும் வட்டியோடு சேர்ந்து போய்விடும். அந்த மறுபாதிக்குச் சான்று தேடி நாம் கடல் கடந்து போகவேண்டியதில்லை. மதுரை மண்ணே சான்று!

ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவை அறிவீர்கள். ஒருபுறம் பிரெஞ்சுக்காரரும் சந்தாசாகிபும். மறுபுறம் அவரும் கிழக்கிந்தியக் கம்பெனியும். கம்பெனிப் படை வென்றது. நவாபுக்குப் பட்டம் நிலைத்தது. போருக்கு ஆன செலவு யாருடையது? "உம்முடையது" என்று நவாபிடம் சீட்டை நீட்டியது கம்பெனி. அதை அடைக்க நவாபு யாரிடம் போனார்? சென்னையில் இருந்த அதே கம்பெனியின் ஊழியர்களிடமே தனிக் கடன் வாங்கினார்! நூற்றுக்கு இருபதும் அதற்கு மேலும் வட்டி. வட்டி கட்டப் புதுக் கடன். புதுக் கடனுக்கு ஈடாகச் சீமைகளின் வரி வசூல். பகலில் கம்பெனி உத்தியோகஸ்தன், இரவில் நவாபின் லேவாதேவிக்காரன்! அப்படி வாழ்ந்தார்கள் அந்த வெள்ளைக்காரர்கள்.

மதுரை, திருநெல்வேலிச் சீமைகளைக் குத்தகைக்கு ஆண்டவர் யூசுப்கான். இந்தச் சீமைகளின் பணம் தன் கைக்கே வரவேண்டும் என்றார் நவாபு. கடன்பட்டவருக்கு வேறு வழி ஏது? யூசுப்கான் பணிய மறுத்துத் தனித்து நின்றார். நவாபும் கம்பெனியும் சேர்ந்து மதுரைக் கோட்டையை முற்றுகையிட்டன. முடிவு, சம்மட்டிபுரம்.

கடன் அதோடு அடங்கியதா? இல்லை. 1781இல் ஐதர் அலியோடு நடந்த போரின் நடுவே, கர்நாடகத்தின் வருவாயை ஐந்து ஆண்டுகளுக்குக் கம்பெனியிடம் ஒப்படைக்க நேர்ந்தது. உழவன் உழுதான், நெல் களத்துக்கு வந்தது, களத்து மேட்டில் கம்பெனி நின்றது. முதலில் களம் போயிற்று!

1785இல் எட்மண்டு பர்க் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் எழுந்து, இந்தக் கடன்களை விசாரணையின்றி ஒப்புக்கொண்டது அநீதி என்று முழங்கினார். கேட்பார் இல்லை. 1792இல் ஓர் உடன்படிக்கை வந்தது. அதன்படி, பாளையக்காரர்களிடம் கப்பம் வாங்கும் வேலையைக் கம்பெனி நேரே எடுத்துக்கொண்டது. பாஞ்சாலங்குறிச்சி வாயிலில் கலெக்டரின் ஓலை வந்து நின்றதும், 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மனின் உயிர் பிரிந்ததும் அதன் பின்விளைவுகள். அதே உடன்படிக்கையில் இன்னொரு விதியும் இருந்தது. கம்பெனியின் இசைவின்றி வேறெந்த அரசோடும் நவாபு அரசியல் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளக் கூடாது! கடன்பட்ட மன்னனுக்கு அண்டை நாட்டுக்கு ஒரு கடிதம் எழுதும் உரிமையும் இல்லை. இரண்டாவதாகக் கடிதம் போயிற்று!

1799இல் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தது. திப்புவின் அரண்மனையில் நவாபு குடும்பத்தின் கடிதங்கள் கிடைத்தன என்று கம்பெனி குற்றம் சாட்டியது. 1801 ஜூலை 31ஆம் நாள், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் நவாபுக்கு விட்டு, நாட்டின் ஆட்சி முழுவதையும் எழுதி வாங்கிக்கொண்டது. மூன்றாவதாகக் கோல் போயிற்று! பின்னர்க் கடன் கோரிக்கைகளை ஆராய்ந்தபோது, மூன்று கோடி பவுனுக்கு மேல் உரிமை கொண்டாடினார்கள். பத்தில் ஒரு பங்குகூட உண்மையென்று தேறவில்லை. பொய்க் கணக்குக்காக ஒரு நாடே போயிற்று, தோழர்களே!

"அது முடியாட்சிக் காலத்துக் கதை" என்பீர்கள். சரி, குடியாட்சிக் காலத்துக்கு வருவோம்.

1965, 1966இல் மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமையை நம்பி நின்றோம். வியட்நாம் மீது குண்டு வீசுவதை நிறுத்தச் சொன்னது இந்தியா. வெகுண்ட அதிபர் ஜான்சன், கோதுமைக் கப்பல்களைச் சிறுகச் சிறுக அளந்து விட்டார். கடன் கொடுத்தவர்களின் நெருக்கடியில் 1966 ஜூன் 6ஆம் நாள் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. 4.76 ரூபாய்க்குக் கிடைத்த டாலர் 7.50 ரூபாய் ஆயிற்று. முன்பே வாங்கியிருந்த டாலர் கடன், ஒரு காசு புதிதாக வாங்காமலே, ரூபாய்க் கணக்கில் ஒன்றரை மடங்குக்கு மேல் வீங்கிற்று!

1991இல் அந்நியச் செலாவணி வற்றியது. அந்த ஜனவரியில் பன்னாட்டு நிதியம் கடன் தந்தது. அதே ஜனவரியில், வளைகுடாப் போருக்குச் சென்ற அமெரிக்கப் படை விமானங்கள் நம் நிலையங்களில் எரிபொருள் நிரப்பிச் சென்றன. இரண்டுக்கும் முடிச்சு உண்டா என்று நாடே கேட்டது. முடிச்சு உண்டோ இல்லையோ, அப்படிக் கேட்கும் நிலை வந்ததே, அது தலைகுனிவு அல்லவா? ஜூலையில் 47 டன் தங்கம் ஈடாகக் கடல் கடந்தது.

நமக்கு அருகே இலங்கையைப் பாருங்கள். அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போயிற்று. 2022 ஏப்ரலில் அயல்கடனைத் திருப்பிக் கட்ட முடியவில்லை என்று அந்நாடு அறிவித்தது. அதே ஆகஸ்டில் சீன ஆய்வுக் கப்பல் ஒன்று அங்கே வந்தது. இந்தியா வேண்டாமென்றது; சீனா வேண்டுமென்றது. இலங்கை "பிறகு வரட்டும்" என்றது. பின்னர் "வரட்டும்" என்றது. இருபுறமும் கடன்பட்டவனுக்குச் சொந்தக் குரல் எங்கே? சீனா ஒன்றே காரணம் என்று சொல்லிவிடவும் கூடாது. உலகச் சந்தையில் டாலர் பத்திரம் விற்று வாங்கிய கடனே அங்கு பெரும் பங்கு.

ஆகவே கடனே கூடாது என்கிறேனா? இல்லை. 1895இல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து மேலூர்ச் சமவெளிக்கு வந்தது. பெரும் பொருள் செலவாயிற்று. அது நெல்லாகத் திரும்பி வந்தது. விளைச்சலுக்கு வாங்கும் கடன் விதை நெல். பகட்டுக்கு வாங்கும் கடன் விதை நெல்லைக் குற்றித் தின்பது.

இன்றைய இந்தியா நவாபின் நிலையில் இல்லை என்பதையும் நேர்மையோடு ஒப்புக்கொள்வோம். ஒன்றிய அரசின் கடனில் மிகப் பெரும் பங்கு உள்நாட்டில், ரூபாயில் வாங்கியது. ரூபாய்க் கடனுக்கு அயலான் கப்பல் அனுப்ப மாட்டான். ஆனால் அதற்கும் விலை உண்டு. 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் ஒவ்வொரு ரூபாயிலும் 20 காசு வட்டிக்கே போகிறது. பள்ளிக்கும் கண்மாய்க்கும் போகவேண்டிய காசு அது. 2024-25 முடிவதற்குள் ஒன்றிய அரசின் கடனை நாட்டு வருமானத்தில் 40 விழுக்காட்டுக்குள் கொண்டுவருவோம் என்று 2018இல் சட்டமே திருத்தினார்கள். ஆண்டு கடந்தது, கடனோ 50 விழுக்காட்டுக்கு மேல் நிற்கிறது. எத்தனை ஊர்களில் அதைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது?

ஆதலால் தோழர்களே, எந்தக் கட்சியின் ஆட்சியானாலும், நம்முடைய ஆட்சியேயானாலும், கடன் வாங்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எதற்கு வாங்கினாய்? எந்த நாணயத்தில் வாங்கினாய்? எந்த நிபந்தனையின் கீழே கையெழுத்திட்டாய்? படிப்பகத்தில் கேளுங்கள், தேநீர்க் கடையில் கேளுங்கள், வாக்குக் கேட்டு வருபவரிடம் கேளுங்கள்.

நவாபின் குடிமக்களுக்கு அந்தக் கேள்விகளைக் கேட்கும் உரிமை இல்லை. பத்திரத்தில் இருந்தது நவாபின் கையெழுத்து. பறிபோனது அவர்களின் நெல். நமக்கு வாக்கு இருக்கிறது. வாக்கிருந்தும் கேளாதிருந்தால், களத்தைக் காவலின்றி விட்டுத் தூங்கப் போன காவல்காரர் ஆவோம். விழித்திருப்போம்!